மூவர் யார்? புலவர் குழந்தையின் உரைப்பணி

‘ஈரோடு’ என்ற சொல்லை அசை பிரித்தால் நேர் நேர் நேர்; தேமாங்காய். ‘பவானி’ நிரை நேர்; புளிமா. யார் பிரித்தாலும் இதுதான் வரும். ஒரு கேள்விக்கு ஒரே விடை உள்ள இத்தகைய பாடத்தில் புலவர் குழந்தைக்கு நிகரான ஆசிரியர்கள் அரிது. 1906இல் ஈரோட்டுப் பக்கம் ஓலவலசில் பிறந்து, திண்ணைப் பள்ளியில் தொடங்கி, தாமே படித்து வித்துவான் தேர்வில் தேறியவர் அவர். பவானி உயர்நிலைப் பள்ளியில் 1941 முதல் 1962 வரை தமிழாசிரியராக இருந்தார். யாப்பைப் படிக்க வருகிறவன் அந்நாளில் பெரும்பாலும் யாப்பருங்கலக்காரிகையின் முன்தான் போய் நிற்க வேண்டும். அதுவோ கட்டளைக் கலித்துறையில் அமைந்த நூல். செய்யுளின் இலக்கணத்தை அறிய முதலில் செய்யுளை அவிழ்க்கத் தெரிந்திருக்க வேண்டும். காரிகை கற்பதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று நொந்துகொண்டவர்கள் சும்மா சொல்லவில்லை. குழந்தையின் ‘யாப்பதிகாரம்’ அந்தப் பூட்டைத் திறந்தது. மா முன் நிரையும் விளம் முன் நேரும் காய் முன் நேரும் வந்தால் வெண்டளை. வெண்பாவின் ஈற்றில் நாள், மலர், காசு, பிறப்பு. இதை உரைநடையில் ஒருவன் தனியே படித்துத் தேற முடியும் என்று ஆக்கியது, கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாத உழவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்த பெரிய உதவி.

ஆனால் பொருள் காண்பது அசை பிரிப்பதைப் போன்றதன்று. பெரியார் குறளுக்கு மாநாடு நடத்திய காலத்தையொட்டி எழுந்தது திருக்குறள் குழந்தையுரை. வடநூல் வழக்கைச் சாராமல், தமிழ் மரபையும் பகுத்தறிவையும் கொண்டு குறளைப் படிக்கலாம் என்பது அதன் அடிப்படை. நோக்கம் நியாயமானதே. இல்வாழ்வான் மூவர்க்கும் துணை என்கிற, இல்வாழ்க்கை அதிகாரத்தின் முதல் குறளில் வரும் ‘மூவர்’ என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். அந்த மூவர் யார் என்று வள்ளுவர் பெயர் சொல்லவில்லை. பிரமசாரி, வானப்பிரத்தன், சந்நியாசி என்று நிரப்பினார் பழைய உரைகாரர் பரிமேலழகர். அறத்தையே மனு முதலிய நூல்கள் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் என்று வரையறுத்து உரையைத் தொடங்கியவருக்கு அது இயல்பாகத் தோன்றியிருக்கும். ‘திருக்குறளும் பரிமேலழகரும்’ என்று ஒரு தனி நூலே எழுதிக் குழந்தை அவரோடு மோதினார். அந்த மோதல் தேவையாக இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. மூலத்தில் இல்லாததை உரையில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

குறை அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. பரிமேலழகரின் மூவரை வெளியேற்றியபின் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. பின்னால் வந்த கலைஞர் கருணாநிதியின் உரை அதே இடத்தில் பெற்றோர், வாழ்க்கைத் துணை, குழந்தைகள் என்று வைக்கிறது. இன்றைய மனத்துக்கு அது உவப்பானது. ஆனாலும் அதுவும் உரைகாரர் நிரப்பியதே. வகுப்பறைக்கென எழுதும் உரை இப்படி ஒவ்வோர் இடத்தையும் ஒரு விடையால் மூடிவிடுகிறது. யாப்பில் பலமாக இருந்த ஆசிரியரின் உறுதி, உரையில் பலவீனமாகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் மூன்று பொருளைச் சொன்னால் குழம்பிப்போகுமே, தேர்வில் எதை எழுதும் என்று கேட்பார்கள். ஆசிரியர்களின் இந்தக் கவலை உண்மையானது. எல்லாக் குறளுக்கும் எல்லா உரையும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான குறள்களுக்குத் தெளிந்த பொழிப்பு ஒன்றே போதும். ‘மூவர்’, ‘தென்புலத்தார்’ போன்ற சில இடங்களில்தான் உரைகாரரின் காலமும் கொள்கையும் உள்ளே வருகின்றன. அந்த இடங்களைக் காட்டாமல் விட்டால், பரிமேலழகரிடம் நாம் கண்ட குற்றத்தையே வேறு கொள்கையின் பெயரால் செய்கிறோம். பரிமேலழகரைப் பல நூற்றாண்டுகள் ஒற்றை உரையாக ஏற்றவர்களுக்கு எதிரெடை வேண்டாமா என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் எதிரெடை எடை போடுவதற்குத் தராசின் மறுதட்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

ஒரே பொருளை மட்டும் அனுமதிப்பதன் தீங்கை மற்றவர்களைவிடக் குழந்தை நன்றாக அறிந்திருப்பார். இராமாயணக் கதையை மறுபக்கமிருந்து சொன்ன அவருடைய ‘இராவண காவியம்’ 1946இல் வெளிவந்து, 1948இல் அரசால் தடை செய்யப்பட்டது. தடை நீங்க 1971 ஆயிற்று. அதற்குள் அவர் பள்ளிப் பணியிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். தடை நீங்கிய அடுத்த ஆண்டு மறைந்தார். ஒரு கதைக்கு ஒரே பொருள்தான் என்று அரசு பிடிவாதம் பிடித்ததன் சுமையைத் தம் வாழ்நாளில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு தாங்கியவர் அவர். அந்தக் காவியம் கம்பனை அறிந்தவனுக்கே முழுமையாகச் சுவைக்கும். எதிர்த்தரப்பைப் படிக்காதே என்று அது சொல்வதில்லை. அவருடைய நூல்கள் இன்று நாட்டுடைமை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அப்படி அச்சிடுகிறவர்கள் குழந்தையுரையையும் ‘திருக்குறளும் பரிமேலழகரும்’ நூலையும் தனித்தனியே விற்காமல் ஒரே கட்டில் சேர்க்கலாம். ‘மூவர்’ என்ற சொல்லுக்குக் கீழே பரிமேலழகர் சொன்னதும் குழந்தை சொன்னதும் பின்வந்தவர் சொன்னதும் அடுத்தடுத்து இருக்கட்டும். வள்ளுவர் பெயர் சொல்லவில்லை என்ற ஒரு வரியும் அவற்றுக்கு மேலே இருக்கட்டும்.