பகைக்கு நடுவே ஒரு கூட்டுக் காவல்

1992-இல் மாஸ்கோவை அடுத்த போதோல்ஸ்க் நகரில், லூச் அணு ஆய்வு நிறுவன ஊழியர் ஒருவர் ஏறத்தாழ ஒன்றரை கிலோ செறிவூட்டிய யுரேனியத்தைச் சிறுகச் சிறுக வீட்டுக்குக் கொண்டுபோனார். கணக்கில் அனுமதித்த சேதாரத்துக்குள்ளேயே எடுத்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. வேறொரு திருட்டில் சிக்கிய ஆட்களோடு நின்றதால் தற்செயலாகப் பிடிபட்டார்.

சோவியத் சிதைவு திறந்துவிட்ட இந்த ஆபத்தை முன்பே உணர்ந்தவர்கள் அமெரிக்க செனட்டர்கள் சாம் நன், ரிச்சர்ட் லூகர். எதிரெதிர்க் கட்சியினரான இருவரும் 1991-இல் கொண்டுவந்த சட்டம், பழைய எதிரியின் அணுக்கிடங்குகளைக் காக்க அமெரிக்கப் பணத்தை ஒதுக்கியது.

பலன் கண்கூடு. கஜகஸ்தானின் உல்பா ஆலையில் சாதாரணப் பூட்டு ஒன்றின் காவலில் சுமார் 600 கிலோ யுரேனியம் கிடந்தது. 1994-இல் அமெரிக்கக் குழு அங்கே வாரக்கணக்கில் தங்கி, அத்தனையையும் உருளைகளில் அடைத்து விமானமேற்றியது. 1993 ஒப்பந்தப்படி ரஷ்ய அணுகுண்டுகளின் 500 டன் யுரேனியம் இருபது ஆண்டுகளில் நீர்க்கச் செய்யப்பட்டு, அமெரிக்க மின் உலைகளில் எரிபொருளானது. இரு நாட்டு அறிவியலாளர்களும் தோளோடு தோள் நின்று உழைத்ததில் பிறந்த நம்பிக்கைதான் இதற்கு அடித்தளம்.

ஆனால் குறைகளும் அந்த அமைப்பிலேயே இருந்தன. ஒருவர் கொடுப்பவர், மற்றவர் பெறுபவர் என்ற ஏற்பாடு ரஷ்யாவின் தன்மானத்தை உறுத்தியது. சோதனையிட வந்தவர்களை உளவாளிகளாகப் பார்க்க வைத்தது. 2010-இல் தொடங்கிய அணுப் பாதுகாப்பு உச்சி மாநாடுகள் பெரும்பாலும் குடிசார் அணுப் பொருள்களைப் பற்றியே பேசின. இருப்பின் பெரும்பகுதியோ ராணுவத்திடம் இருந்தது. எல்லாவற்றிலும் பெரிய குறை, இந்த ஒத்துழைப்பு அரசியல் உறவோடு பிணைக்கப்பட்டிருந்ததுதான். உக்ரைனின் கிரீமியாவை 2014-இல் தன்னோடு இணைத்துக்கொண்ட பின் ரஷ்யா படிப்படியாக விலகியது; 2016 மாநாட்டைப் புறக்கணித்தது. இரு நாடுகளும் ஆளுக்கு 34 டன் புளூட்டோனியத்தை ஒழிக்கும் உடன்பாட்டையும் அதே ஆண்டில் ரஷ்ய அதிபர் புதின் நிறுத்திவைத்தார்.

உறவு நன்றாக இருக்கும்போது மட்டும் இயங்கும் பாதுகாப்பு பாதிப் பாதுகாப்புதான். பகை முற்றும் காலத்தில்தான் அதன் தேவையும் கூடுகிறது. கிடங்குக் காவல், கணக்குச் சரிபார்ப்பு, கடத்தல் பற்றிய தகவல் பரிமாற்றம் ஆகிய மூன்றையாவது தடைகளுக்கும் பதிலடிகளுக்கும் அப்பால் வைத்து, சமபங்குச் செலவில், சம உரிமையோடு இரு நாடுகளும் மீண்டும் தொடங்க வேண்டும்.