நெட்வொர்க் நிறுவல்: ஐந்து முறைகள், ஒரு தீர்ப்பு

யூனிக்ஸ் கணினிகளை நெட்வொர்க் வழியே நிறுவும் சர்வரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ஒரே நேரத்தில் எத்தனை கணினி, எத்தனை நிமிடம் என்ற கணக்குத்தான் முன்னால் வந்து நிற்கிறது. வேகம் ஒரு தகுதிதான். ஆனால் காசு கொடுத்தால் கிடைத்துவிடும் தகுதி. நல்ல சுவிட்சும் நல்ல டிஸ்க்கும் இருந்தால் எந்த முறையும் ஓடும். தரம் பிரிப்பவை வேறு மூன்று. இன்று அமைத்த கணினியை ஓராண்டு கழித்து அப்படியே மீண்டும் அமைக்க முடிகிறதா? எழுதியவர் வேலையை விட்டுப் போனபின் இன்னொருவர் அதைப் படித்துத் திருத்த முடிகிறதா? வெளி இணைப்பு அறுந்த நாளிலும் அது இயங்குகிறதா?

இந்த மூன்றையும் உரசிப் பார்க்க வட சென்னை போதுமான அளவு கடுமையான களம். ராயபுரத்தில் அலுவலகம், திருவொற்றியூரில் கிடங்கு, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தை ஒட்டி ஒரு கண்டெய்னர் யார்டு என்று கடலோரமாகப் பரந்து கிடக்கும் ஒரு சரக்கு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். உப்புக் காற்று மதர்போர்டை அரிக்கும். லாரித் தூசி மின்விசிறியை அடைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டியதுபோல் மழை கொட்டினால் தரைத்தளக் கணினிகள் மொத்தமாகப் போகும். மறுநிறுவல் இங்கே வாடிக்கை. மூன்று இடங்களும் மூன்று தனித்தனி நெட்வொர்க்குகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடித்தளம் எல்லா முறைகளுக்கும் ஏறக்குறைய ஒன்றே. காலி டிஸ்க்குடன் எழும் கணினி, நெட்வொர்க் கார்டு வழியே முகவரி கேட்டுக் குரல் கொடுக்கிறது. டிஎச்சிபி சர்வர் முகவரியோடு பூட் கோப்பு இருக்கும் இடத்தையும் சொல்கிறது. டிஎஃப்டிபி அந்தக் கோப்பையும் கர்னலையும் கொண்டுவருகிறது. மீதி எச்டிடிபி அல்லது என்எஃப்எஸ் வழியே நடக்கிறது. சாதாரணப் பிசிக்களுக்கு இந்தச் சங்கிலியைப் பொதுவிதியாக்கியது இன்டெல்லின் பிஎக்ஸ்இ, அதன் 2.1ஆம் பதிப்பு 1999இல் வந்தது. எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் ஒரே சர்வரிடம் பேசலாம் என்றானது சிறிய சாதனையல்ல.

சங்கிலியின் பலவீனமான கண்ணி டிஎஃப்டிபி. சிறிய ரோமுக்குள் அடங்கும் அளவுக்கு எளிமையானது என்பது அதன் பெருமை. அந்த எளிமைக்குக் கொடுக்கும் விலை அதன் குறை. மூல வடிவில் ஒரு முறைக்கு 512 பைட் அனுப்பி, கிடைத்தது என்ற பதிலுக்குக் காத்திருந்து, பிறகே அடுத்ததை அனுப்பும். 30 எம்பி கோப்புக்கு இது 61,440 முறை நடக்க வேண்டும். ஒரே அறைக்குள் ஒரு சுற்றுக்கு அரை மில்லி நொடி என்றால் அரை நிமிடத்தில் முடியும். ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போய்வர 10 மில்லி நொடி என்றால் பத்து நிமிடத்தைத் தாண்டும். தொகுதி எண்ணுக்கு 16 பிட் மட்டுமே ஒதுக்கியிருப்பதால் 32 எம்பிக்கு மேல் மூல வடிவம் தடுமாறும். பின்னர் வந்த தொகுதி அளவு நீட்டிப்பு இதைத் தணித்தது, தீர்க்கவில்லை. டிஎஃப்டிபியிடம் முதல் கோப்பை மட்டும் ஒப்படைத்துவிட்டு, கர்னல் உட்பட மற்றதையெல்லாம் ஐபிஎக்ஸ்இ என்ற பூட் நிரல் மூலம் எச்டிடிபிக்கு மாற்றுவதே சரியான அமைப்பு.

இதே அடுக்கில் பாராட்ட ஒன்றும் உண்டு. பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற பூட் நிரல் தன் அமைப்புக் கோப்பைத் தேடும் வரிசையைப் பாருங்கள். முதலில் கணினியின் தனி அடையாள எண். அடுத்து மேக் முகவரி. அடுத்து ஐபி முகவரியின் பதினாறடிமான வடிவம், அதிலும் கடைசி எழுத்தை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே. எதுவும் கிடைக்காவிட்டால் 'டிஃபால்ட்'. தனிக் கணினியில் தொடங்கிக் குழு வழியாகப் பொதுவுக்கு இறங்கும் இந்த ஒழுங்கு, எந்தத் தரவுத்தளமும் இல்லாமல் வெறும் கோப்புப் பெயர்களாலேயே கைகூடுகிறது. சிக்கனமும் தெளிவும் சேர்ந்த வடிவமைப்பு.

இனி முறைகள். சன் நிறுவனத்தின் ஜம்ப்ஸ்டார்ட்டுக்கு முன்னோடி என்ற மரியாதை உரியது. அதன் 'ரூல்ஸ்' கோப்பு, கணினியின் வகை, நினைவகம், டிஸ்க் அளவு, நெட்வொர்க் ஆகியவற்றைப் பார்த்து எந்தச் சுயவிவரம் யாருக்கு என்று தீர்மானித்தது. அந்தக் கோப்பைச் சரிபார்க்க 'செக்' என்ற தனி நிரல் இருந்தது. அதில் தேறாத விதி நிறுவலுக்குப் போகாது. பின்னால் வந்தவர்கள் பலர் கைவிட்ட ஒழுக்கம் இது. ஆனால் பழைய ஸ்பார்க் கணினிகள் முகவரி கேட்டது ஆர்ஏஆர்பி வழியே. அது ரூட்டரைத் தாண்டாது. நம் உதாரணத்தில் மூன்று இடத்திலும் ஒவ்வொரு பூட் சர்வர் வேண்டியிருந்திருக்கும். டிஎச்சிபியும் கூவித்தான் கேட்கிறது என்றாலும் ரூட்டரில் ரிலே அமைத்து அதைக் கடத்திவிடலாம். 2011இல் சோலாரிஸ் 11 வந்தபோது ஜம்ப்ஸ்டார்ட்டின் இடத்தை வேறொரு முறைக்குக் கொடுத்தார்கள். விதிகளைப் பிரித்து எழுதும் பழக்கம் மட்டும் மற்றவர்களிடம் வாழ்கிறது.

ரெட் ஹாட்டின் கிக்ஸ்டார்ட், படித்தவுடன் புரிவதில் முதலிடம் பெறுகிறது. மொழி, டிஸ்க் பிரிவினை, பொதிகள், முடிந்தபின் ஓட வேண்டிய கட்டளைகள் எல்லாம் ஒரே கோப்பில், ஏறக்குறைய வரிக்கு ஒரு முடிவாக. கையால் ஒருமுறை நிறுவினால், கொடுத்த விடைகளையெல்லாம் கிக்ஸ்டார்ட் கோப்பாக ரூட்டின் அடைவில் அது தானே எழுதி வைத்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. குறை, கணினிக்குக் கணினி வேறுபடும்போது தெரிகிறது. நிபந்தனைகளை எழுத அதன் மொழியில் இடமில்லை; தொடக்க நிரலில் ஒரு கோப்பை உருவாக்கி அதை உள்ளே இழுக்கும் சுற்றுவழிதான் உண்டு. நாளடைவில் இறுதிப் பகுதி நூறு வரி ஷெல் நிரலாக வீங்கி, தொடக்கத்திலிருந்த தெளிவை விழுங்கிவிடும்.

டெபியனின் பிரிசீட் கோட்பாட்டில் தூய்மையானது. புதிய மொழி எதையும் அது புனையவில்லை. நிறுவி கேட்கும் கேள்விகளுக்கே முன்கூட்டி விடை எழுதுகிறது. ஆனால் அந்தக் கேள்விகளின் உள்பெயர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு வெளியீட்டில் செல்லும் விடை அடுத்ததில் செல்லாமல் போகலாம். டிஸ்க் பிரிவினைக்கான அதன் குறிமுறை, எழுதியவரே மறுமாதம் படிக்கத் தயங்கும் அளவுக்கு இருண்டது. நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. சென்னை சி-டாக் வளர்த்து 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்தது. டெபியனில் கைபழகியவருக்கு அது அந்நியமாக இராது.

எஃப்ஏஐ, கொலோன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் லாங்கே 1999இல் தொடங்கியது. இதன் மையக்கருத்து 'கிளாஸ்'. ஒரு கணினி ஒரே நேரத்தில் பல வகுப்புகளில் இருக்கலாம்: எண்ணூரைச் சேர்ந்தது, யார்டு நுழைவாயிலில் இருப்பது, இரண்டு டிஸ்க் கொண்டது. ஒவ்வொரு வகுப்பும் தன் பங்கை மட்டும் சொல்கிறது. சேர்த்தால் முழுக் கணினி. கிக்ஸ்டார்ட் பிரதி எடுத்துத் திருத்தும் இடத்தில் இது கூட்டி அமைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அழிக்காமலே புதுப்பிக்கவும் அதே விளக்கம் உதவுகிறது. ஒத்திசைவில் இதற்கு இணை இல்லை. ஆனால் முதல் கணினி எழுவதற்குள் கற்க வேண்டியது ஏராளம். பத்துக் கணினி வைத்திருப்பவருக்கு அது வீண் சுமை.

ஐந்தாவது, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் இமேஜ் முறை. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் சேர்ந்து வந்தன. ஒரே வார்ப்பில் லட்சக்கணக்கான கணினிகள் போகும் அத்தகைய இடத்துக்கு நகல் பொருத்தமானது என்பதை மறுக்க முடியாது. நம் கடலோர நிறுவனத்தில் நிலைமை நேர்மாறு: போர்டு மாறும், டிஸ்க் மாறும், ஒரு கணினி போல் இன்னொன்று இராது. இமேஜ் என்பது முடிவைச் சேமிக்கிறது, காரணத்தைச் சேமிப்பதில்லை. கவனமின்றி எடுத்தால் எஸ்எஸ்எச் சாவிகளும் கணினி அடையாளமும்கூட எல்லாவற்றிலும் ஒன்றாகிவிடும். வேகத்தில் முதலிடம், நம் முதல் இரண்டு அளவுகோல்களிலும் கடைசி.

எல்லா முறைகளுக்கும் பொதுவாக இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, நம்பிக்கை. பிஎக்ஸ்இ கணினி, வந்த பதிலைச் சரிபார்க்காமலே நம்பும்; அதே நெட்வொர்க்கில் யாரோ செருகிய வீட்டு ரூட்டரும் பதில் சொல்லலாம். எச்டிடிபியில் திறந்து கிடக்கும் விடைக்கோப்பிலிருந்து ரூட் கடவுச்சொல்லின் ஹாஷை எவரும் எடுக்கலாம். நெட்வொர்க் பூட்டை முதலில் வைத்து, டிஃபால்ட் தேர்வையும் நிறுவலாக வைத்தால், கிக்ஸ்டார்ட்டின் 'கிளியர்பார்ட்' என்ற ஒரே வரி நல்ல கணினியைக் கேள்வியின்றித் துடைத்துவிடும். நிறுவலுக்குத் தனி விலேன் (மெய்நிகர் நெட்வொர்க்), டிஃபால்ட்டாக உள்ளூர் டிஸ்க் பூட் என்ற இரண்டையும் செய்யாத சர்வரைத் தேறியதாகக் கொள்ள முடியாது.

மற்றொன்று, வெளியுலகை நம்புவது. சென்ட்ஓஎஸ் 7க்கு ஆதரவு 2024 ஜூன் 30இல் முடிந்தது. அதன் மிரர் பட்டியல் சர்வரும் உடனே நின்றுபோனது. அந்த முகவரியை எழுதி வைத்திருந்த நிறுவல் கோப்புகள் ஓர் எழுத்தும் மாறாமலே செல்லாதவையாயின. புயலே வேண்டியதில்லை, காலண்டர் போதும். பொதிகளின் உள்ளூர் மிரர் இல்லாத நிறுவல் சர்வர் பாதி சர்வர்தான்.

தீர்ப்புக்கு வருவோம். வடிவமைப்பின் உயரத்தில் எஃப்ஏஐ முதலிடம். படிக்கும் எளிமையில் கிக்ஸ்டார்ட். பிரிசீட் டெபியன் குடும்பத்தில் இருப்பவர்களுக்குச் சகித்துக்கொள்ளத் தக்கது. ஜம்ப்ஸ்டார்ட்டிடம் கற்க வேண்டியது விதியை ஓட்டுமுன் சோதிக்கும் ஒழுக்கம். இமேஜ், ஒரே வார்ப்பில் செய்த கூட்டத்துக்கு மட்டும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை முப்பது நாற்பது கணினி வைத்திருப்பவர் கிக்ஸ்டார்ட்டில் தொடங்கலாம்: விடைக்கோப்பில் கணினியின் எலும்புக்கூடு மட்டும், மற்றதெல்லாம் பதிப்புக் கட்டுப்பாட்டில் உள்ள தனி நிரல்களில், மூன்று இடத்திலும் சிறு மிரர். நூறைத் தாண்டினால் எஃப்ஏஐயின் வகுப்புச் சிந்தனைக்கு மாற வேண்டும். எதைத் தேர்ந்தாலும் சோதனை ஒன்றே: வெளி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அதை எழுதாத ஒருவரிடம் ஒரு காலிக் கணினியைக் கொடுங்கள். அவர் யாரையும் போனில் கூப்பிடாமல் அதை வேலைக்குத் தயாராக்கினால் சர்வர் தேறியது.