மண்டலப் பூட்டும் வாசிப்புரிமையும்: ‘டாய் கியாகுதென் சாய்பான்’ விளையாட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரு நாட்டில் விற்கப்படும் நிகழ்பட விளையாட்டு, வேறொரு நாட்டில் விற்கப்படும் கன்சோலில் இயங்காதவாறு செய்யும் ஏற்பாடு ‘மண்டலப் பூட்டு’ எனப்படுகிறது. இப்பூட்டின் காரணமாக, அயல்நாட்டு விளையாட்டை ஆட விரும்புவோர் அந்நாட்டுக் கன்சோலையும் சேர்த்து இறக்குமதி செய்ய நேர்கிறது. கேப்காம் நிறுவனத்தின் ‘டாய் கியாகுதென் சாய்பான்’ விளையாட்டை முதன்மைச் சான்றாகக் கொண்டு, மொழிபெயர்க்காமையும் நுழையவிடாமையும் வெவ்வேறு செயல்கள் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மண்டலப் பூட்டு, கன்சோல், இறக்குமதி, மொழிபெயர்ப்பு, பாடவேறுபாடு.

முன்னுரை

ஜப்பானிய நாவலொன்று பிறமொழிகளில் பெயர்க்கப்படாமலே இருக்கலாம். ஆயினும் ஜப்பானிய மொழி கற்ற ஒருவர் உலகின் எப்பகுதியில் இருந்தும் அதனைத் தருவித்து வாசிக்க இயலும். வாசகர் எங்கு வாழ்கிறார் என்று நூல் கேட்பதில்லை. மண்டலப் பூட்டுடைய விளையாட்டோ அதனைத்தான் முதலில் கேட்கிறது. மொழியறிவு, ஆர்வம், விலை கொடுக்கும் ஆற்றல் ஆகிய அனைத்தும் இருப்பினும், கன்சோல் வேறு மண்டலத்தைச் சார்ந்ததாயின் வாசிப்பு தொடங்குவதே இல்லை. இந்நிலை வாசகர் என்னும் கருத்தாக்கத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பூட்டின் தோற்றமும் காரணங்களும்

நிண்டெண்டோ நிறுவனம் 1983 இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் விளையாட்டுப் பேழைகள் 60 இணைப்பு முனைகளைக் கொண்டிருந்தன. 1985 இல் வட அமெரிக்காவிற்குச் சென்ற அதன் மறுவடிவத்தில் அவை 72 ஆயின; பேழையைச் சோதிக்கும் பூட்டுச் சில்லும் சேர்க்கப்பட்டது. அடுத்த தலைமுறைக் கருவியான சூப்பர் ஃபேமிகாமின் பேழைகளை அமெரிக்கக் கருவி ஏற்காமைக்குப் பேழையின் புற வடிவமும், செருகுவாயின் உட்புறத்தில் இருந்த இரு நெகிழித் துருத்தல்களுமே காரணமாயின. அத்துருத்தல்களைக் குறட்டால் ஒடித்தெடுத்தவர்கள் ஜப்பானியப் பேழைகளை அமெரிக்கக் கருவியிலேயே ஆடினர்.

தொலைக்காட்சி முறைகளின் வேறுபாடு ஓர் உண்மையான தொழில்நுட்பக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது 50 முறையாக இருந்தது. இதற்கேற்பச் சீர்செய்யப்படாத விளையாட்டுகள் ஐரோப்பாவில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடின. ஆனால் கையடக்கக் கருவி தன் திரையைத் தானே கொண்டது. அதற்கு இக்காரணம் பொருந்தாது. கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ் ஆகிய கையடக்கக் கருவிகளில் மண்டலப் பூட்டு இல்லாதிருந்தமை இதனை உறுதிப்படுத்தும். எனினும் 2011 இல் வெளிவந்த நிண்டெண்டோ 3டிஎஸ் கையடக்கக் கருவி பூட்டுடனேயே வந்தது. வயதுத் தரப்பாடு, பெற்றோர் கட்டுப்பாடு, நாட்டிற்கு நாடு மாறும் இணையச் சேவை ஆகியன காரணங்களாகக் கூறப்பட்டன. இவை வணிக நிருவாகத்தின் காரணங்களே அன்றிப் பொறியியலின் காரணங்கள் அல்ல.

பெட்டிக்குள் கடல்கடந்தவன்

டகுமி ஷூவின் இயக்கத்தில் உருவான ‘டாய் கியாகுதென் சாய்பான்’ 2015 சூலையில் ஜப்பானிய 3டிஎஸ் கருவிக்கு வெளியாயிற்று. அதன் தொடர்ச்சி 2017 ஆகத்தில் வந்தது. இரண்டும் ஒருங்கே ‘தி கிரேட் ஏஸ் அட்டர்னி கிரானிக்கிள்ஸ்’ என ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2021 சூலையில்தான். இடைப்பட்ட ஆறாண்டுகளில் ஜப்பானுக்கு வெளியே பேழையை மட்டும் வாங்கியவருக்குப் பயனில்லை. ஜப்பானியக் கருவியையும் தருவிக்க வேண்டியிருந்தது. அக்கருவியின் அமைப்பு மொழியும் ஜப்பானியம் ஒன்றே.

விளையாட்டின் கதைப்பொருள் இச்சூழலோடு வைத்து நோக்கத்தக்கது. மெய்ஜி காலத்து மாணவனான ரியூனோசுகே நாருஹோதோ, இங்கிலாந்து செல்லும் தன் நண்பன் கசுமா அசோகியின் பயணப் பெட்டிக்குள் ஒளிந்து, உரிய அனுமதியின்றிக் கப்பலேறுகிறான். முதல் வழக்கே ஜப்பானுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான உடன்படிக்கையின் நிழலில் நடைபெறுகிறது. பின்னர் இலண்டனில் குற்றஞ்சாட்டப்பட்டு நிற்பவர், எழுத்தாளர் நட்சுமே சோசெகியின் பெயர் தாங்கிய பாத்திரம். சோசெகி 1900 முதல் 1902 வரை அந்நகரில் அரசு உதவித்தொகையில் பயின்றவர். அந்நிய மண்ணின் நீதிமன்றத்தில், அந்நிய மொழியில், தான் யார் என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர்களின் கதை இது. எல்லை கடத்தலைப் பொருளாகக் கொண்ட படைப்பு தானே எல்லை கடக்க இயலாது நின்றமை ஒரு முரண். பெட்டிக்குள் ஒளிந்து கடல்கடந்த நாயகனைக் காண, இறக்குமதியாளரும் ஒரு பெட்டியைக் கடல்கடத்தித் தருவிக்க வேண்டியிருந்தது.

இரு பாடங்கள்

ஆங்கில வடிவம் வந்தபின் இறக்குமதியின் தேவை நீங்கிவிட்டது எனக் கருதுவது பொருந்தாது. ஜப்பானிய மூலத்தில் ஷெர்லாக் ஹோம்ஸ் என வரும் துப்பறிவாளர் ஆங்கிலத்தில் ஹெர்லாக் ஷோம்ஸ் ஆகிறார். கோனன் டாயிலின் இறுதிக்கால ஹோம்ஸ் கதைகள் சில 2021 இல் அமெரிக்காவில் இன்னும் காப்புரிமைக்குட்பட்டிருந்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. எழுத்திடம் மாறிய அப்பெயர் பிரெஞ்சு எழுத்தாளர் மோரிஸ் லெப்லாங் முன்பே கையாண்டதாகலின், ஆங்கிலப் பாடத்தில் அது கூடுதலாக ஒரு நகையையும் பெறுகிறது. மூலத்தில் ஹோம்ஸையே நேரில் எதிர்கொள்ளும் வாசகரின் அனுபவமும், திரிந்த பெயரைக் கண்டு நகைக்கும் வாசகரின் அனுபவமும் ஒன்றல்ல. சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் இதனைப் பாடவேறுபாடு என்றே குறிப்பார். மூலபாடத்தைக் காணும் வாயிலாக இறக்குமதிக் கருவி இன்றும் பயன்படுகிறது.

மொழிபெயர்க்காமையும் நுழையவிடாமையும்

உரையாடலே பெரும்பகுதியாக அமைந்த விளையாட்டை மொழிபெயர்ப்பது மிகுந்த பொருட்செலவுடையது. விற்பனை ஈடு செய்யாது எனின் வெளியீட்டாளர் தயங்குவது இயல்பே. இவ்வாதம் மொழிபெயர்க்காமையை விளக்குகிறது. மூலத்தையே ஆட விரும்புவோரைத் தடுப்பதை விளக்கவில்லை. ‘செனோபிளேட் கிரானிக்கிள்ஸ்’ இதற்குத் தெளிவான சான்று. 2010 இல் வீ கருவிக்கு ஜப்பானில் வெளியான இவ்விளையாட்டு, 2011 ஆகத்திலேயே ஐரோப்பாவில் ஆங்கிலத்தில் கிடைத்தது. ஆங்கிலம் பேசும் அமெரிக்கருக்கோ அது 2012 ஏப்பிரலில்தான் வந்தது. ‘ஆபரேஷன் ரெயின்ஃபால்’ என்னும் பெயரில் விளையாட்டாளர்கள் அதனை வேண்டி இயக்கம் நடத்தினர். மொழிபெயர்ப்பு முடிந்திருந்தது, மொழியும் ஒன்றே, எனினும் ஐரோப்பிய வட்டு அமெரிக்கக் கருவியில் இயங்கவில்லை. எனவே பூட்டு காப்பது மொழியை அன்று, சந்தைப் பிரிவை என்பது பெறப்படும்.

இறக்குமதியின் எல்லைகள்

இறக்குமதியை எதிர்ப்புச் செயலாக மட்டும் போற்றுவதும் மிகையாகும். பூட்டிய நிறுவனத்திடமிருந்தே இரண்டாவது கருவியும் வாங்கப்படுகிறது. ஆதலின் தடையே ஒரு விற்பனையாக மாறுகிறது. அவ்விலையைத் தரவல்லோர்க்கே இவ்வாயில் திறக்கும். 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையில் 2023 மார்ச்சு 27 உடன் விற்பனை முடிவுற்றது. பேழையாக வெளிவராத விளையாட்டுகளை இனிப் புதிதாக வாங்குவதற்குக் கருவி மட்டும் இருந்து பயனில்லை.

2017 இல் வந்த ஸ்விட்ச் கருவி பேழைகளை மண்டலம் பாராமல் ஏற்றது. பூட்டின் காலம் முடிந்ததெனத் தோன்றிய நிலையில், 2025 இல் ஸ்விட்ச் 2 ஜப்பானில் இரு வகையாக விற்பனைக்கு வந்தது: பன்மொழிக் கருவி 69,980 யென், ஜப்பானிய மொழி மட்டும் கொண்டது 49,980 யென். பின்னதில் ஜப்பானை நாடாகக் குறித்த பயனர் கணக்கை மட்டுமே இணைக்கலாம். முன்பு பேழையைச் சோதித்த பூட்டு இப்போது ஆளையே சோதிக்கிறது; மொழி அதன் வேலியாகியிருக்கிறது.

முடிவுரை

மொழிபெயர்க்கப்படாத படைப்பு வாசகருக்காகக் காத்திருக்கிறது. பூட்டப்பட்ட படைப்பு வாசகரைத் திருப்பியனுப்புகிறது. இவ்வேறுபாட்டைக் கருதாது, ‘அந்நாட்டில் வெளியாகவில்லை’ என்னும் ஒரே தொடரால் இரண்டையும் குறிப்பது திறனாய்வுக்கு உதவாது. நிகழ்பட விளையாட்டை ஆய்வுக்குரிய பனுவலாகக் கொள்வோர், எம்மண்டலப் பதிப்பை, எக்கருவியில், எம்மொழியில் ஆடினர் என்பதைப் பதிப்பு விவரத்தின் பகுதியாகவே குறித்தல் வேண்டும். அவ்வாறு குறிக்கும்பொழுது, அயல்மண்டலக் கன்சோலைத் தருவித்தல் பொழுதுபோக்காளரின் தனி விருப்பம் என்னும் நிலையிலிருந்து, மூலபாடத்தைத் தேடிச் செல்லும் ஆய்வு முறையாகவும் ஏற்கப்பெறும்.