பிடிக்கும் சீட்டு, விடும் சீட்டு

லாஸ் வேகாஸின் வீடியோ போக்கர் திரையில் ஐந்து சீட்டு விழுந்ததும், கைதேர்ந்த ஆட்டக்காரர் உடனே பொத்தானைத் தொடுவதில்லை. எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று கண் ஒரு சுற்று வருகிறது. அந்த நிதானம் பார்க்கவே அழகு.

ஒரு ஜோடி நாலு. பக்கத்திலேயே பளபளவென்று ஒரு ராஜா. ராஜாவை விட்டுவிட்டு நாலுகளை மட்டும் பிடிக்க மனக்கட்டுப்பாடு வேண்டும். ஆர்ட்டினில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, கூடவே ஒரு கிளாவர் ஜாக்கி வந்தால் துணிச்சல் வேண்டும். காசு உறுதியான ஜாக்கி ஜோடியை உடைத்து, ஆர்ட்டின் ஏஸுக்காக ஒற்றைச் சீட்டு கேட்க வேண்டும். டக், டக்கென்று நாலு பொத்தான். ஐந்தாவது சீட்டு புரள்கிறது. ஏஸ் வராமல் போகலாம். அப்போதும் அவர் பிடித்தது சரியான சீட்டுகளைத்தான்.