மாதிரியுருவும் பரிசோதனைத் திட்டமும்: ஒரு மதிப்பீடு

எலோவிற்ஸ், லைப்லர் ஆகிய இருவரும் 2000 ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, செயற்கை உயிரியலின் தொடக்க ஆக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. ஒன்றையொன்று வட்டமாக ஒடுக்கும் மூன்று பரம்பரையலகுகளை எசரிக்கியா கோலி என்னும் பற்றீரியத்தினுட் புகுத்தி, அது விட்டுவிட்டு ஒளிருமாறு செய்தமையே அவர்தம் சாதனை. கணித மாதிரியுருவே அங்கு வழிகாட்டிற்று. புரதத்தின் ஆயுள் தூது ஆர்.என்.ஏயின் ஆயுளை அண்மித்திருப்பின் அலைவு எளிதிற் தோன்றும் என அது கூறவே, புரதங்களை விரைந்து சிதைவிக்கும் வாற்றுண்டு ஒன்று அவற்றுடன் இணைக்கப்பட்டது. அலைவும் தோன்றிற்று, ஆயின் ஏறத்தாழ 40 வீதமான கலங்களில் மட்டுமே, அதுவும் ஒழுங்கு குன்றியே.

இவ்வெற்றியை மாதிரியுருவின் உண்மைக்குச் சான்றாகக் கொள்வது பொருந்துமாறில்லை. 2016 இல் ஹாவர்ட் ஆய்வாளர் அச்சுற்றைத் திருத்தி வியக்கத்தக்க ஒழுங்கு பெறச் செய்தபோது, மேற்கொண்ட மாற்றங்களுள் அவ்வாலை நீக்கியமையும் ஒன்று! ஒளிரும் புரதமும் ஒடுக்கும் புரதங்களும் சிதைக்கும் நொதியத்துக்காகத் தம்முட் போட்டியிட்டமை மாதிரியுருவில் இடம்பெறாத இடைத்தாக்கம்.

பிஷர் 1935 இல் வெளியிட்ட நூலில் காரணிகளை ஒருங்கே மாற்றும் திட்டத்தை வலியுறுத்தியது இத்தகைய இடைத்தாக்கங்களைக் கருதியே. மூன்று காரணிகளை இருநிலைகளில் ஆராய எட்டுச் சேர்க்கைகள் வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றுவோனுக்கு நான்கே போதும். ஆனால் ஒரு காரணியின் விளைவு மற்றொன்றின் நிலைக்கேற்ப வேறுபடுவது அவனுக்குப் புலப்படாது. (பயிர்நிலத்து ஆய்வில் வளர்ந்த இம்முறையைக் கலத்தை ஆய்வோர் சிலர் இன்னும் அயலதாகவே கருதுகின்றனர்.) வால் உண்டு, இல்லை என்பதனையே ஒரு காரணியாகக் கொண்டிருப்பின், காரணம் அறியாதபோதும் விளைவை முன்னரே கண்டிருத்தல் கூடும்.