இறவும் இறாலும்

"இறா" என்பது எழுத்தறியாதார் சொல். "இறால்" என்பதே திருந்திய தமிழ் என்று கருதும் கற்றவர் நம்மிடையே பலர் உளர். சந்தையில் மீன் விற்கும் பெண்ணின் பேச்சைக் கேட்டு அவர்கள் நகைப்பதும் உண்டு. பழைய நூல்களைப் பிரித்துப் பார்ப்பின் அந்நகைப்பு யாரைச் சாரும் என்பது விளங்கும்.

நெய்தல் நிலப் பாடல்களில் இவ்வுயிர்க்குப் பெரிதும் வழங்கும் பெயர் இறவு என்பது. குறுந்தொகையின் 109ஆம் பாட்டைக் காண்க. முள்போன்ற காலும் வளைந்த முதுகும் உடைய இறவின் பெருங்கூட்டத்தைக் கடலலை கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த இறவு எங்கிருந்து வந்தது? நிலா என்பது நிலவு என்றும், கனா என்பது கனவு என்றும், சுறா என்பது சுறவு என்றும் ஆவதுபோல, இறா என்பதே செய்யுளில் இறவு ஆயிற்று. நன்னூலார் இதற்கு விதியும் வகுத்துள்ளார். அவ்விதிப்படி இறா என்பதே முதல். இறவு அதன் வழிவந்தது. ஆகவே மீன்காரியின் நாவில் இன்றும் வாழ்வது சிதைந்த சொல்லன்று; புலவர் எடுத்தாண்ட சொல்லின் அடிப்படையே அஃது.

இனி இறால் என்பதைப் பார்ப்போம். கடலைவிட்டு மலைக்கு ஏறவேண்டும். குறிஞ்சிப் பாட்டுகளில் இறால் என்றால் தேனடை. கலித்தொகையின் 39ஆம் பாட்டில் ஒரு மலைநாட்டைப் புலவர் அறிமுகம் செய்கிறார். வானில் ஊரும் திங்கள் மலையை வந்து சேர்ந்தால், அதனைத் தேனின் இறால் என்று எண்ணி, எடுப்பதற்கு ஏணி கட்டி வைத்திருப்பார்களாம் அந்நாட்டு மக்கள்! சந்தை இறாலை மட்டும் அறிந்த ஒருவர் உரையின்றி இவ்விடத்தைப் படித்தால் என்ன ஆவார்? மலைமேல் இறாலா, அதற்கு ஏணியா என்று திகைத்து நூலை மூடிவிடுவார். பழம்பாட்டு நமக்கு எட்டாது என்ற எண்ணமும் அவருக்கு ஏற்பட்டுவிடும். இழப்போ பெரிது. பாறையில் ஒட்டித் தொங்கும் அடைக்கும் முகட்டைத் தொட்டு நிற்கும் திங்களுக்கும் உள்ள ஒப்புமை மட்டுமா அங்கே இருக்கிறது? தேன் எடுத்துப் பிழைப்பவன் வானத்திலும் தன் தொழிலையே காண்கிறான். உழைப்பாளியின் கண்ணைக்கொண்டு திங்களைப் பார்த்த பாட்டு அது. தோட்டத்தில் வேலை செய்த எவருக்கும் இது விளங்காமற் போகாது. 'இறால் - தேனடை' என்று ஒரு வரி எழுதிவிட்டு உரைகாரர் நகர்வது போதாது. நீ வாங்கி உண்ணும் இறால் வேறு, இது வேறு என்றும் சொல்லவேண்டும்.

பிற்காலத்தில் தேனடைப் பொருள் பேச்சினின்றும் மறைந்தது. கடலுயிர்க்கு இறால் என்ற பெயரே ஏட்டில் நிலைத்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி இரு பொருளையும் தருகிறது. இறால் என்று எழுதுவது பிழை என்பது நம் கட்சியன்று. இறா என்பதைப் பிழை என்பதே பிழை.

இதே அலட்சியம் கூனி என்னும் சொல்லிடத்தும் காணப்படுகிறது. கூனி என்றதும் படித்தவர் நினைவு இராமாயணத்து மந்தரையிடம் ஓடுகிறது. கருவாட்டுக் கடையில் படி கணக்கில் அளந்து விற்கும் பொடி உயிர்க்கும் அதுவே பெயர் என்பதை எழுதும்போது மறந்துவிடுகிறார்கள். மலாய்க்காரர் உடாங் என்னும் பொதுப்பெயர் ஒருபுறம் இருக்க, இப்பொடியினத்தைக் கெராகாவ் என்று தனியே சுட்டுவர். பெலாச்சானும் சிஞ்சாலோக்கும் அதனின்று செய்யப்படுகின்றன. நம் எழுத்தாளரோ பெலாச்சானைப் பற்றி எழுத நேரும்போது "மிகச் சிறிய இறால் வகை" என்று சுற்றி வளைக்கிறார்கள். உள்ளே அடுக்களையில் அவர்தம் தாயார் கூனியை வறுத்துக்கொண்டிருக்கிறார்.