எண் இல்லாத ரிமோட்

புதிதாக வாங்கிய 43 அங்குல கூகுள் டிவியின் அட்டைப்பெட்டியைப் பிரித்தால் முதலில் கைக்கு வருவது ரிமோட். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மெலிதான உடல், நடுவில் வட்டமாக ஒரு திசைப் பட்டன், மேலே பேசித் தேடுவதற்கு ஒரு மைக். கீழே யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் வீடியோ, ஜியோஹாட்ஸ்டார் என நான்கு பட்டன்கள், அவரவர் நிறத்தில். 0 முதல் 9 வரையிலான எண்களைத்தான் காணோம். ஒலியை அடக்கும் மியூட்டுக்கும் தனிப் பட்டன் கிடையாது. சத்தத்தைக் குறைக்கும் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ரிமோட் பிறந்த கதை தெரிந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். 1955-ல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் ‘ஃப்ளாஷ்-மேட்டிக்’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. யூஜின் பாலி என்ற பொறியாளர் வடிவமைத்தது; துப்பாக்கி வடிவத்தில் ஒரு டார்ச். டிவியின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரிகள் இருக்கும். ஒரு மூலையில் வெளிச்சம் அடித்தால் டிவி அணையும், வேறு இரண்டில் அடித்தால் சேனல் மாறும், இன்னொன்றில் அடித்தால் சத்தம் மட்டும் நிற்கும். விளம்பரக்காரர்களின் வாயை உட்கார்ந்த இடத்திலிருந்தே அடைக்கலாம் என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். நிறுவனத்தின் தலைவர் யூஜின் மெக்டொனால்டுக்கே விளம்பரங்கள் என்றால் ஆகாது. ஜன்னல் வழியே வெயில் பட்டாலும் சேனல் மாறிவிடுகிற கோளாறு அதில் இருந்ததால், காதுக்குக் கேட்காத ஒலியில் இயங்கும் ராபர்ட் ஆட்லரின் ரிமோட் அடுத்த ஆண்டே வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அன்று விளம்பரத்தை அடக்க வந்த கருவியின் நெற்றியிலேயே இன்று நான்கு விளம்பரங்கள் ஒட்டியிருக்கின்றன. 2011-ல் நெட்ஃப்ளிக்ஸ் தொடங்கிவைத்த வழக்கம் இது. அந்த இடம் இனாமாகக் கிடைப்பதில்லை.

சரி, டிவிக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் மாலை நேர டிவி என்பது இன்னமும் கேபிள் அல்லது டிடிஎச் செட்டாப் பாக்ஸ்தான். ஓடிடி எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகளின் கைக்கு ரிமோட் போன பிறகு. எனவே இந்த டிவியைச் சோதிக்க வேண்டிய இடம் ஏழரை மணி சீரியல். ஆன் செய்தால் முதலில் கம்பெனி லோகோ. அடுத்து ஹோம் ஸ்க்ரீன். அதன் மேல்பாதியில் ஒரு படத்தின் டிரெய்லரோ, ஏதோ ஒரு காரோ. அதன் கீழே ‘உங்களுக்காக’ என்று வரிசை வரிசையாகப் பரிந்துரைகள். அதையெல்லாம் தாண்டி, இன்புட் பகுதிக்குப் போய், எச்டிஎம்ஐ 1-ஐத் தேர்ந்தெடுத்தால்தான் செட்டாப் பாக்ஸின் படம் வரும். அதற்குள் சீரியலின் டைட்டில் பாட்டு முடிந்திருக்கும். ‘அந்த நம்பர் ரிமோட்டக் குடுடா’ என்று பாட்டி கேட்பது நியாயம்தான். அவருக்குச் சேனல்கள் பெயராக இல்லை, எண்ணாகத்தான் தெரியும்.

பாக்ஸும் லேசுப்பட்டதல்ல. நேற்று இரவு அணைத்த சேனலில் அது விழிப்பதில்லை. கேபிள்காரர் காசு வாங்கிக்கொண்டு முன்னால் நிறுத்திய ஏதோ ஒரு சேனலில் விழிக்கும். இப்படி முதலில் வந்து நிற்பதால் ரேட்டிங் கூடுகிறது என்று கண்ட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2018 டிசம்பரில் இதற்குத் தடை போட்டது. 2019 மே மாதம் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கம் தொடர்கிறது. சேனலை மாற்றும்போது அடியில் தோன்றும் தகவல் பட்டையின் ஓரத்திலும் பல பாக்ஸ்களில் ஒரு விளம்பரம் உட்கார்ந்திருக்கும். ஆக, சீரியலுக்குள் விளம்பர இடைவேளை வருவதற்கு முன்பே மூன்று விளம்பரங்களைக் கடந்தாயிற்று.

படத்தின் தரத்தில் கொடுக்கும் விலைக்குக் குறை சொல்ல முடியாது, ஒரு நிபந்தனையோடு. 4கே திரையில் 3840-க்கு 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். சாதாரண எஸ்டி சேனல் அனுப்புவது அதிகபட்சம் 720-க்கு 576, சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம். கணக்குப் பார்த்தால் சரியாக இருபதில் ஒரு பங்கு. மீதிப் புள்ளிகளை டிவி தானே ஊகித்து இட்டு நிரப்புகிறது. பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை குழைந்து தெரிவதற்கும், செய்திச் சேனலின் ஓடும் எழுத்துகளைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கொசு மொய்ப்பதுபோல் தெரிவதற்கும் இதுதான் காரணம். பழைய 14 அங்குல டிவியில் இந்தக் குறை தெரிந்ததே இல்லை. அதே சீரியலை எச்டி சேனலில் போட்டால் டிவி வேறு முகம் காட்டுகிறது. ஓடிடியில் 4கே படம் ஓடினால் இன்னும் ஒரு படி மேல். எஸ்டி பேக்கை வைத்துக்கொண்டு 4கே டிவி வாங்குபவர்கள் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

முதல் நாளே மாற்ற வேண்டியது பிக்சர் மோட். ஷோரூம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய ‘விவிட்’ என்று வைத்திருப்பார்கள். வீட்டில் அது எல்லா முகங்களுக்கும் அளவுக்கு மீறிச் சாயம் பூசிவிடுகிறது. ‘மூவி’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கு மாற்றினால் கண் நிம்மதியாகும்.

ஒலிதான் பலவீனம். ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கி இருப்பதால் சுவரில் மாட்டிய பிறகு வசனம் மெலிந்து கேட்கிறது. வசனத்துக்காகச் சத்தத்தைக் கூட்டினால் அடுத்து வரும் சோப்பு விளம்பரம் தெருமுனைவரை கேட்கும். ஒலியின் உச்சம் நிகழ்ச்சியிலும் விளம்பரத்திலும் ஒன்றாகவே இருக்கலாம். விளம்பரத்தில் மெல்லிய ஒலிகளையும் இறுக்கி உச்சத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவதால் மொத்தமும் காட்டுக்கத்தலாகிறது. விளம்பரம் அளவுக்கு மீறிய சத்தமாக இருக்கக் கூடாது என்று 1994-ன் கேபிள் டிவி விதிகள் சொல்கின்றன; மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்றும் சொல்கின்றன. ஏட்டில் இருக்கும் அந்த விதிகளை நம்புவதைவிட, சவுண்ட் செட்டிங்ஸில் ‘ஆட்டோ வால்யூம்’ என்றிருப்பதை ஆன் செய்வது மேல். ஏற்ற இறக்கம் கணிசமாகக் குறைகிறது. இசைக் கச்சேரி பார்க்கும்போது மட்டும் மறக்காமல் அணைத்துவிட வேண்டும்.

இவ்வளவு பெரிய திரை இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைக்கிறது? பேனல் விலை இறங்கியது ஒரு காரணம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது இன்னொன்று. மூன்றாவது காரணத்தை அமெரிக்காவின் விஸியோ நிறுவனத்தின் கணக்கு காட்டிக்கொடுத்தது. 2021-ன் மூன்றாம் காலாண்டில், டிவி விற்றுக் கிடைத்த மொத்த லாபத்தைவிட விளம்பரம், தரவு வழியே வந்த லாபம் இரண்டு மடங்குக்கு மேல். திரையில் ஓடுவது என்ன என்பதை, அது செட்டாப் பாக்ஸிலிருந்து வந்தாலும் சரி, டிவியே அடையாளம் கண்டு அனுப்பும் நுட்பம் அதற்கு உதவியது. சுமார் 1.1 கோடி டிவிகளில் பார்ப்பவரின் சம்மதமில்லாமல் இதைச் செய்ததாக எழுந்த வழக்கை, 2017-ல் அந்த நிறுவனம் 22 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. 2024-ல் 230 கோடி டாலருக்கு அதை வாங்கியது வால்மார்ட். மளிகைக் கடைக்கு டிவி கம்பெனி எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை.

இங்கேயும் டிவியை முதலில் இயக்கும்போது நீளமான ஒப்பந்தங்கள் வரிசையாக வரும். எல்லாவற்றையும் ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று தட்டிவிட்டுப் போவதுதான் இன்ஸ்டால் செய்ய வருபவரின் வழக்கம். அவருக்கு அடுத்த வீட்டு அழைப்பு காத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, பார்வைத் தகவலைச் சேகரிக்கும் பகுதிக்கு மட்டும் ‘வேண்டாம்’ சொல்லலாம். டிவி அதனால் ஒன்றும் குறைந்துபோகாது. அக்கவுன்ட் பகுதியில் ‘ஆப்ஸ் ஒன்லி மோட்’ என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் பரிந்துரை வரிசைகள் மறைந்து ஆப்கள் மட்டும் நிற்கும். பதிலுக்குக் குரல் தேடல் போய்விடும்; மேலே இருக்கும் பெரிய விளம்பரமோ முழுதாக ஒழிவதில்லை. தமிழில் பேசிப் பாட்டுத் தேடிப் பழகிய வீட்டில் இந்தப் பேரம் எடுபடாது.

காசு கொடுத்தால் விளம்பரம் தொலையும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. பிரைம் வீடியோ 2025 ஜூன் 17 முதல் சந்தாதாரர்களுக்கே விளம்பரம் காட்டத் தொடங்கியது. அது வேண்டாமென்றால் கூடுதலாக மாதம் 129 ரூபாய் அல்லது ஆண்டுக்கு 699 ரூபாய் கட்ட வேண்டும் என்று அப்போது அறிவித்தது.

இத்தனைக்குப் பிறகும் இந்த டிவியை வாங்கலாம். எச்டி பேக்கும் இணைய இணைப்பும் உள்ள வீட்டுக்குக் கொடுக்கும் விலைக்கு நல்ல திரை. வாங்கும் முன் கடையில் இரண்டு விஷயங்களைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். ஒன்று, ஆன் செய்ததும் ஹோம் ஸ்க்ரீனுக்குப் போகாமல் கடைசியாகப் பார்த்த இன்புட்டுக்கே போகும் ‘லாஸ்ட் இன்புட்’ வசதி. சில மாடல்களில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. மற்றொன்று எச்டிஎம்ஐ சிஇசி. செட்டாப் பாக்ஸும் அதற்கு ஒத்துழைத்தால், பாக்ஸை ஆன் செய்ததும் டிவியும் தானாக எழுந்து அந்தப் படத்துக்கே போகும். பாக்ஸின் எண் உள்ள ரிமோட் ஒன்றே போதும். ஆனால் கேபிள் பாக்ஸ்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை. முடிந்தால் வீட்டுப் பாக்ஸைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போவது நல்லது; சிக்னல் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனைக்கு அது போதும்.